பூட் ஆகிற காப்பி

"டி டிரைவில் எல்லாம் காப்பி போட்டு வச்சிருக்கேன், எனக்கென்ன கவலை?" என்று சொல்லும் ஆசாமிகள் நம் வகுப்பிலேயே பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். (பல கணினிகளில் டி டிரைவ் இருப்பதும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் என்பது தனிக் காமெடி.)

சி டிரைவில் இருப்பதை அப்படியே இழுத்து இன்னொரு டிஸ்க்கில் போட்டால், அதிலிருந்து கணினி கிளம்பாது. கிளப்பிவிடும் சாவி அந்த போல்டர்களுக்குள் இல்லை. பழைய பயாஸ் முறைக் கணினியில் அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் உட்கார்ந்திருக்கும். 446 பைட் தொடக்க நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை, அவ்வளவுதான். புதிய கணினிகளில் டிரைவ் எழுத்தே இல்லாத ஒரு குட்டி பார்ட்டிஷனில் இருக்கும். இரண்டுமே எக்ஸ்ப்ளோரரில் சாதாரணமாகக் கண்ணில் படாது. போதாததற்கு, விண்டோஸ் ஓடும்போது ரெஜிஸ்ட்ரி போன்ற பைல்களைத் தொடவும் விடாது.

இதெல்லாம் எனக்கு வேண்டிவந்தது மாமா கடைக்காக. ஹார்டுவேர் கடை. ஆணி, தாழ்ப்பாள் விற்கிற ஹார்டுவேர்! விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மாற்றிய பழைய கணினி, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதில் டேலி, பல வருடக் கணக்கு, யாருக்கு எவ்வளவு கடன் என்பது உட்பட. போன மாதம் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தால் மஞ்சளில் எச்சரிக்கை. கெட்டுப்போன செக்டார்களுக்கு டிஸ்க் மாற்று இடம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. (விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததும், அந்தக் கணினி 11-க்குத் தேறாததும் வேறு பஞ்சாயத்து.)

முழு டிஸ்க்கையும் நகல் எடுப்பது என்றால் முழுக்கப் படிக்க வேண்டும். இதய நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. அதனால் முதலில் டேலி டேட்டாவை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து மாமாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டேன்.

அடுத்து எஸ்எஸ்டி. கடைக்காரர் "480 போதும் தம்பி" என்றார். 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் சுமார் 465 என்று காட்டும், 480-ஐ 447 என்று காட்டும். குளோனிசில்லா சாதாரணமாகத் தன்னைவிடச் சின்ன டிஸ்க்குக்கு நகல் எடுக்காது. பார்ட்டிஷனைச் சுருக்கிச் செய்யலாம்தான், ஆனால் சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அந்த விளையாட்டு எதற்கு? 500-தான் வேண்டும் என்று வாங்கிவந்தேன்.

குளோனிசில்லா தைவானில் உருவான இலவச மென்பொருள். பென் டிரைவிலிருந்து அதுவே பூட் ஆகும், ஆகவே விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும். காலி இடத்தை விட்டுவிட்டு டேட்டா உள்ள பகுதியை மட்டும் எடுக்கும். எல்லாவற்றிலும் ஆபத்தான இடம், எது மூலம், எது நகல் என்று அது கேட்கும் திரை. இரண்டும் 500, அளவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களையும் நம்ப வேண்டாம். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் நிரம்பின டிஸ்க்கின் மேல் ஏறிவிடும், மாமாவின் கடன்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் ஆகிவிடுவார்கள். பழைய டிஸ்க்கின் மாடல், சீரியல் எண்ணை முன்பே தாளில் எழுதி வைத்திருந்தேன். அது இரண்டு முறை கேட்டது, நான் நான்கு முறை பார்த்தேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம். "முடிஞ்சுதுல்ல மாப்ள, கடையத் திறக்கவா?" என்றார் மாமா. "இருங்க மாமா, இன்னும் சோதிக்கல." இருப்பாய்வு இரண்டு பக்கமும் ஒத்துப்போனாலும் ஈடுசெய் பிழை ஒளிந்திருக்கும் என்று படித்தோமே, அதே கதைதான். 'வெற்றி' என்று திரை சொன்னால் மட்டும் போதாது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, அதே கேபிளில் எஸ்எஸ்டியை மாட்டினேன். இரண்டையும் சேர்த்து வைத்து விண்டோஸைக் கிளப்பக் கூடாது. நகலில் டிஸ்க் அடையாள எண்ணும் ஒன்றாகவே இருக்கும், விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

கிளம்பியது. டேலியைத் திறந்து கடைசி வவுச்சர் எண், முந்தைய நாள் ரொக்க இருப்பு இரண்டையும் தாளில் குறித்ததோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. அப்புறம்தான் மாமாவுக்கு டீ சொல்லும் எண்ணமே வந்தது.

மேக் வைத்திருக்கும் பணக்கார நண்பர்களுக்கு ஒரு வரி: சூப்பர்டூப்பர், கார்பன் காப்பி குளோனர் என்று ஒரு காலத்தில் இது உங்களுக்கு ஒரு கிளிக் வேலை. 2020-இல் வந்த பிக் சர் சிஸ்டம் பகுதிக்கு முத்திரை வைத்த பிறகு கடினமாகிவிட்டது. ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் உள் ஸ்டோரேஜ் செத்தால் வெளி டிஸ்க்கிலிருந்தும் கிளம்பாது.

பழைய டிஸ்க்கை அழிக்கவில்லை. தேதி எழுதிக் கவரில் போட்டு, கடன் நோட்டோடு கல்லாவில் வைத்திருக்கிறது. அடுத்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்வரை யாரும் தொடக் கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.