ரெண்டு நிமிஷத் தாமதம்

"ரெண்டு ஒளிக்கோட்டையும் மென்பொருள்ல போட்டா ரெண்டே நிமிஷம், தாமதம் வந்துடும் மாமா," என்றான் அக்கா மகன். மலேசியாவின் யோங் பெங்கில் ஓய்வில் இருக்கும் பழைய ஒளியளவுக்காரருக்குச் சுருக்கென்றது. செய்தித்தாள் வேறு, பிரபஞ்சம் விரியும் வேகத்தை ஈர்ப்பு லென்ஸ் அளந்துவிட்டதாக ஒரே வரியில் முடித்திருந்தது.

லென்ஸ் எதையும் அளப்பதில்லை. நடுவே நிற்கும் காலக்ஸி தன் ஈர்ப்பால் ஒளியை வளைத்து, பின்னால் தொலைவில் உள்ள ஒரு குவாசரை இரண்டாகக் காட்டும். ஒன்றில் தெரிந்த ஏற்ற இறக்கம் மற்றதில் பிந்தித் தெரியும். அந்தப் பிந்தலிலிருந்து, விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியை எடுக்கலாம் என்று வானியலாளர் ரெஃப்ஸ்டால் 1964இலேயே சொல்லிவிட்டார். பிந்தலைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

1979இல் அகப்பட்ட முதல் லென்ஸ் 0957+561. தாமதம் 415 நாளா, 536 நாளா? வருஷக்கணக்கில் சண்டை. ஆண்டுதோறும் சில மாதம் குவாசர் சூரியன் பக்கம் போய்விடும், புள்ளியே கிடைக்காது. 536 என்பது ஏறத்தாழ ஒன்றரை வருடம். அவ்வளவு நகர்த்தினால் ஒரு பிம்பத்தின் புள்ளிகள் மற்றதன் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுத்துப் பேசச் சாட்சி இருக்காது. எந்த மென்பொருளும் அங்கே சந்தோஷமாகத் தலையாட்டும்.

1994 டிசம்பரில் முந்தி வரும் பிம்பம் சட்டென மங்கியது. குறைந்த தாமதம் சரியென்றால் மற்றது 1996 பிப்ரவரியில் மங்க வேண்டும், இல்லையேல் ஜூன் வாக்கில். குண்டிச் குழு இதை முன்கூட்டியே அச்சில் போட்டுவிட்டுக் காத்திருந்தது. பிப்ரவரியில் மங்கியது. 417 நாள், பிழை மூன்று.

இதைச் சொன்னால் பையன்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இயக்குவது பெங்களூரு அருகே ஹொசகோட்டையிலிருந்து. அதன் தரவையும் வைத்து ரத்னகுமார், ஸ்டாலின், பிரபு ஆகியோர் ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து 2013இல் தாமதத்தை வெளியிட்ட ஒரு லென்ஸ் சப்தரிஷி மண்டலத்தில் உள்ளது. மேகம் விட்டால் அந்த மண்டலம் யோங் பெங்கிலும் வடக்கே தெரியும். பிம்பங்களுக்கு நடுவே மூன்று விகலைகூட இல்லை. ஆறு வருடத்துக்கு மேல் பார்த்து எடுத்த விடை 119.3 நாள், பிழை 3.3. நடுவே நிற்கும் காலக்ஸியின் நட்சத்திரங்கள் ஒரு பிம்பத்தை மட்டும் தம்பாட்டுக்கு மெல்ல ஏற்றி இறக்கும்; அதைக் குவாசரின் சொந்த மாற்றத்திலிருந்து பிரிக்க வளைகோட்டை எவ்வளவு நெளியவிடுவது என்பது கை தீர்மானிக்கிற விஷயம். நெளிவை மாற்றினால் நாளும் நகரும்.

ஆறு லென்ஸ்களை வைத்து ஹோலிகௌ குழு சொன்ன ஹபிள் மாறிலி 73.3, பிளாங்க் விண்கலத் தரவு சொல்வது 67.4. சண்டையே எட்டு சதவீதத்துக்குத்தான். இதில் மூன்று நாள் சின்ன விஷயமா?

ரூபின் தொலைநோக்கி புது லென்ஸ்களைக் கொட்டப்போகிறதாம். ஒவ்வொன்றையும் வருஷக்கணக்கில் யார் பார்ப்பது? சின்னத் தொலைநோக்கியில் நேரம் கேட்டுப் போனால், போன வருஷமும் இதே குவாசர்தானே என்பார்கள்.