பாதியில் நிற்கும் போலவரம்

சென்னையில் இரவு ரயிலேறினால் மறுநாள் காலை ராஜமகேந்திரவரத்தில் இறங்கிவிடலாம். ஊருக்குள் நுழையுமுன் ரயில் கோதாவரிப் பாலத்தைக் கடக்கும். குழந்தைகளை எழுப்பி ஜன்னலோரம் உட்கார வையுங்கள். "இது ஆறா, சமுத்திரமா?" என்று கேட்காத குழந்தை இருக்காது!

ஊருக்குப் பக்கத்திலேயே தவளேஸ்வரம். அங்கே அணைக்கட்டு கட்டிய ஆர்தர் காட்டன் நமக்குப் புதியவர் அல்ல. கல்லணையை ஆராய்ந்து, 1836-ல் கொள்ளிடத்தில் மேலணை கட்டியவர். நம் காவிரியிடம் பாடம் படித்துவிட்டுத்தான் கோதாவரிக்குப் போனார். 1847-ல் தொடங்கி 1852-ல் வேலையை முடித்தார். பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வாட்டிய பூமி பச்சைப் பசேலென்று ஆயிற்று. இன்றும் அந்த ஜில்லாக்களில் ஊர் ஊராக அவருக்குச் சிலை இருக்கிறது.

அந்த நெல்லின் ருசி தெரிய வேண்டுமானால் ஆத்ரேயபுரத்துப் 'பூதரேகுலு' வாங்கிச் சாப்பிடுங்கள். கவிழ்த்த பானையை உள்ளிருந்து சூடாக்கி, அரிசி மாவுக் கரைசலில் நனைத்த துணியை அதன்மேல் இழுக்கிறார்கள். மெல்லிய ஏடு பிரிந்து வருகிறது. நெய்யும் வெல்லமும் வைத்து மடித்துத் தந்தால், வாயில் போட்டதும் கரைந்துவிடும். இந்தக் கைவேலை பெரும்பாலும் பெண்களுடையது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். காட்டன் கட்டியது தண்ணீரைத் திருப்பி விடும், தேக்கி வைக்காது. மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கான டி.எம்.சி. தண்ணீர் கடலுக்கு ஓடுகிறது. இரண்டாம் போகத்துக்கோ, மேலே சீலேறு மின் நிலையங்களிலிருந்து வரும் நீரை எதிர்பார்த்திருக்க வேண்டும். குடம் நிறையப் பாலைக் கீழே கொட்டிவிட்டு, மாலையில் காப்பிக்குப் பாலில்லையே என்று கையைப் பிசைகிற கதைதான்!

இதற்குப் பரிகாரம் போலவரம். தவளேஸ்வரத்துக்கு மேலே சுமார் 40 கிலோ மீட்டரில், பாபிகொண்டலு மலைகளை விட்டு நதி சமவெளிக்கு வரும் இடம். இங்கே அணை கட்டலாம் என்ற யோசனை பழைய சென்னை மாகாணத்தில் 1941-லேயே பிறந்தது. தேங்கும் நீர் பத்ராசலத்து ராமர் பாதம் வரை போகும் என்று 'ராமபாத சாகரம்' எனப் பெயரும் வைத்தார்கள். வேலை மும்முரமானது 2004-ல்தான். 2014-ல் தேசியத் திட்டமாயிற்று. நிறைந்தால் 194 டி.எம்.சி. பிடிக்கும். அதாவது நம் மேட்டூரைப் போல் இரண்டு!

வெள்ளம் வழிய 48 மதகுகள் தயார். 2021-ல் ஆற்றையே அவ்வழி திருப்பிவிட்டார்கள். ஆனால் ஆற்றின் நடுவே எழ வேண்டிய மண்ணும் பாறையுமான பிரதான அணை நின்றுபோயிற்று. அதன் அடியில் போட்ட தடுப்புச் சுவர் 2020 வெள்ளத்துக்குப் பின் சேதம் கண்டது. 2025 ஜனவரியில் புதுச் சுவர் தொடங்கியது.

இதை ஏன் முடிக்க வேண்டும்? புதிதாக ஏழு லட்சம் ஏக்கர் பாசனம் பெறும். விசாகப்பட்டினத்துக்குக் குடிநீர் போகும். கிருஷ்ணா டெல்டாவுக்கு இப்போது பட்டிசீமாவில் மின்சாரப் பம்பு வைத்து இறைக்கும் தண்ணீர், அணை நிறைந்தால் தானாகவே கால்வாயில் ஓடும்.

இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பாதி அணையால் பயன் பாதிகூட இல்லை; துன்பமோ முழுசாக இருக்கிறது. வேலைக்காகப் போட்ட தற்காலிகக் கரையே நீரைத் தேக்கி, மேலேயுள்ள கிராமங்களுக்குள் வெள்ளத்தை ஏற்றுகிறது. 2022 ஜூலையில் பத்ராசலத்தில் வெள்ளம் 71 அடியைத் தொட்டபோது, எத்தனையோ பெண்கள் குழந்தைகளோடும் ஆடுகளோடும் மேட்டுக்கு ஓடினார்கள்.

அவர்களில் பலர் கோயாக்களும் கொண்டரெட்டிகளும். மூங்கிலும் புளியும் தந்த காட்டைத் தவிர வேறு சொத்து அறியாதவர்கள். அணைக்காக இடம் பெயர வேண்டியவை சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள். வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தால் மட்டும் போதுமா? உழ நிலமும், பிழைக்க வழியும், பக்கத்தில் பள்ளிக்கூடமும் வேண்டாமா?

முதற்கட்டமாக 41 மீட்டர் மட்டத்துக்கே நீர் நிறுத்துவது என்று பிரித்திருக்கிறார்கள். அதே கணக்கில், அந்த மட்டத்துக்குள் வரும் கடைசிக் குடும்பம் குடியேறிய பிறகே மதகை இறக்க வேண்டும். அணையை முடிக்கத்தான் வேண்டும். கடனையும் கூடவே தீர்க்க வேண்டும்.

பாபிகொண்டலுவுக்குப் படகுப் பயணம் உண்டு. வெள்ளக் காலம் கழித்துப் போய் வாருங்கள். இரு கரையிலும் தெரியும் மூங்கில் குடிசைகளைச் சற்று நின்று பாருங்கள். கீழே டெல்டாவில் வேகப்போகும் சோற்றுக்கு, முதல் பிடி அரிசி போடுகிறவர்கள் அவர்கள்தாம்.