கோணமலையில் ஒரு புகைப்படம்

கப்பல்துறை என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே பாய்மரங்களும் நங்கூரங்களும் மனக்கண்முன் தோன்றும். சித்திரை விடுமுறையில் நாம் குடும்பத்தோடு சென்று தங்கிய உறவினர் இல்லம் அவ்வூரிலேதான் இருந்தது. ஆயினும் எமது நாட்டமெல்லாம் கோணேசர் ஆலயத்தின் மீதே. அங்கே எமக்கொரு பழைய கடன் இருந்தது.

2002ஆம் ஆண்டிலே போர்நிறுத்தம் ஏற்பட்டுப் பாதைகள் திறந்தன. மறு ஆண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து ஐயாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இத்தலத்துக்கு வந்தோம். கையிலே இரவல் கமரா. அதனுள்ளே 36 படங்களுக்கான பிலிம் சுருள். கோட்டைக்குள் மான்களின் நடுவே ஐயா, இராவணன் வெட்டின் ஓரத்தில் ஐயா, கடற்காற்றிலே சால்வையைப் பிடித்தபடி ஐயா. எண்காட்டி ஒவ்வொன்றாக ஏறிற்று. ஊர் திரும்பிக் கழுவக் கொடுத்தபோது, ஸ்டூடியோக்காரர் வெறுஞ்சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். சுருளின் நுனி உள்ளே மாட்டப்படவேயில்லை! சுற்றும்போது மறுபக்கத்துக் குமிழும் சுழல்கின்றதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்த அறிவு எமக்குப் பின்னரே வந்தது. அடுத்த ஆண்டு ஐயா காலமானார்.

இதே பாறையின் அடிவாரத்திலே 1956ஆம் ஆண்டு ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலில் மூழ்கினர். போர்த்துக்கேயர் இடித்த பழைய ஆலயத்தின் தூண்களும் கற்களும் நீருக்கடியிலே கிடப்பதைக் கண்டு படமெடுத்தனர். (வில்சன் பின்னாளில் சிவகல்கி சுவாமி என்னும் பெயருடன் துறவு பூண்டமை வேறு கதை.) நேயர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நீருக்குள்ளே பிலிம் மாற்ற இயலாது. சுருள் முடிந்தால் மேலே வந்தேயாக வேண்டும். எடுத்தவை சரியாக விழுந்தனவா என்பதோ, கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. இன்று மூழ்குவோர் நூற்றுக்கணக்கில் எடுத்து, அங்கேயே பார்த்து, பிழைத்ததை மீண்டும் எடுக்கின்றனர்.

டிஜிட்டல் கமராவின் தொடக்கம் என்னவோ எளியதுதான். 1975இலே கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த கருவி, ஏறத்தாழ 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றைக் கசெற் நாடாவிற் பதிய 23 விநாடிகள் எடுத்தது. பிலிமினாற் செழித்த அதே நிறுவனம் 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் ஏறியது.

எமக்குப் பெரிதாகத் தோன்றும் நன்மை செலவுக் குறைவன்று. பிலிமிலே ஒளியுணர்திறன் சுருள் முழுவதற்கும் ஒன்றே. நண்பகற் கடலுக்கு ஏற்ற சுருள் அந்தி மங்கலுக்கு உதவாது. டிஜிட்டலிலே அதனைப் படத்துக்குப் படம் மாற்றலாம். எல்லாவற்றினும் மேலாக, படம் விழுந்ததா இல்லையா என்பது நின்ற இடத்திலேயே தெரிகின்றது. 2003இல் இந்த ஒன்று மட்டும் இருந்திருப்பின்!

பிலிமை முற்றாக இகழ்வதும் நன்றன்று. அம்மாவின் கலியாண நெகட்டிவ்கள் இன்னமும் பிஸ்கட் தகரத்துள் இருக்கின்றன. எமது சென்ற கைத்தொலைபேசியிலிருந்த படங்களோ அதனோடேயே போயின.

இராவணன் வெட்டருகே, ஐயா நின்ற அதே கம்பியோரத்தில் அம்மாவை நிறுத்தினோம். மகள் எடுத்தாள். கண் மூடிவிட்டதென்று மீண்டும் எடுத்தாள். மூன்றாவது படம் நன்றாக அமைந்தது. நாம் கீழிறங்குமுன்னரே அது கனடாவிலுள்ள தம்பிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா திரையை நெடுநேரம் பார்த்தார்.

"பக்கத்திலை கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருக்கிறாய், பிள்ளை," என்றார்.

"நீங்கள்தானே அப்பம்மா தள்ளி நின்றனீங்கள்," என்றாள் மகள்.

அம்மா மறுமொழி கூறவில்லை. சற்றுப் பொறுத்து, "இதைக் கடுதாசியிலை எடுத்துத் தரமாட்டினமோ?" என்று எம்மிடம் கேட்டார். கப்பல்துறைக்குத் திரும்புமுன் நகரிலே ஒரு ஸ்டூடியோவைத் தேடிச் சென்றோம்.