போய்ச் சேருவது

வேலூரில் என் நண்பர் ஒருவர், நோயாளிகளின் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிகளுக்கு உதவும் கம்பெனி நடத்துகிறார். அனுபவமுள்ள என்ஜினீயர் ஒருவர் தேவைப்பட்டார். நோயாளி தொடும் திரையும் தெரியவேண்டும், குறிப்புகள் தங்கும் உட்கிடங்கும் தெரியவேண்டும். "நீர் கதை எழுதுகிறவர், மனிதர்களை எடை போடுவீர், வாரும்" என்றார். போனேன்.

முதலில் வந்தவர் பெங்களூர்க்காரர். பேச்சு தேனாக இருந்தது. அடுத்தவர் ஆம்பூர், தகப்பனார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்தவர். எல்லாவற்றுக்கும் ஒற்றை வரிதான் பதில். கடைசியில் அவரே கேட்டார்: "எங்கப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் இந்தத் திரைக்கு முன்னால் நின்றால் என்ன செய்வார், ஸார்?"

நான் பெங்களூர்க்காரரைத்தான் சிபாரிசு செய்தேன். நண்பர் தலையை ஆட்டினார்.

"திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். டாக்டர் இருந்தார், ஆண் என்பதால் கணவன்மார் சம்மதிக்கவில்லை. அந்த டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர்தான் படித்துத் திரும்பி, 1900-இல் இவ்வூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். வைத்தியம் இருந்தால் மட்டும் போதுமா, ஐயா? போய்ச் சேரவேண்டாமா?"

ஆம்பூர்க்காரருக்கே வேலை கிடைத்தது.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறைத்தது. என் தாயாருக்கும் எழுத்து வாசனை கிடையாது. இத்தனை கதை எழுதியும், ஒன்றைக்கூட நான் அவளுக்கு வாசித்துக் காட்டியதில்லை.