எது இடிக்குது, மாப்ள?

ஞாயிற்றுக்கிழமை காலை. குவீன்ஸ்டவுன் மெய் லிங் சந்தை உணவங்காடியில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தேன். போடியிலிருந்து மாப்பிள்ளை அழைத்தான்.

மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி. போடிநாயக்கனூரில் சொந்தமாக ஒரு பழைய மகிந்திரா ஜீப் வைத்து ஓட்டுகிறான். விடிவதற்குள் ஊருக்குள் சுற்றிப் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் கொண்டுபோய் விடுவான். மாலையில் திரும்ப அழைத்து வருவான். தேனி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரிவது இப்படிப்பட்ட ஜீப்புகளை நம்பித்தான்.

"மாமா, வண்டிய அஞ்சு இஞ்ச் தூக்கப் போறேன். தோட்டத்துக்குள்ள மழைக்கப்புறம் பாதையே இல்ல, அடி இடிக்குது. பட்டைய அச்சுக்கு மேல மாத்தி வெல்டிங் வெச்சுத் தர்றேன்னு பட்டறைல சொல்லிட்டாங்க."

இருபது வருடங்களுக்கு மேலாக இங்கே கார் பழுதுபார்ப்பவன் நான். அலெக்சாண்டிரா ரோட்டிலும் லெங் கீ ரோட்டிலும் பளபளக்கும் விற்பனைக் கூடங்களைப் பார்த்துக்கொண்டே தினமும் வேலைக்குப் போகிறேன். ஐந்து அங்குலம் என்றதும் கோப்பி தொண்டையில் நின்றது.

ஜீப்பின் பட்டை ஸ்பிரிங் பார்க்க எளிமையானது. வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகளைப் பெரியதும் சிறியதுமாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு, யூ போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். ஒரு முனை சட்டத்தில் பூட்டியிருக்கும். மறுமுனை 'ஷாக்கிள்' என்னும் சிறு ஊஞ்சலில் தொங்கும். சுமை ஏறும்போது வில் நிமிர்ந்து நீளுமே, அதற்கு அந்த ஊஞ்சல் இடம் கொடுக்கிறது. குதிரை வண்டிக் காலத்து நுட்பம்தான். ஆனால் சுருள் ஸ்பிரிங்குக்கு இல்லாத ஒரு பொறுப்பு இதற்கு உண்டு. வண்டியைத் தாங்குவதோடு, அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்து வைத்திருப்பதும் இதே பட்டைதான். அதனால் உயரத்துக்காக இதில் கைவைத்தால் ஸ்டீயரிங், பிரேக், புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றிலும் கைவைத்ததாகிவிடும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதில் நானும் ஒரு நண்பனும் கூட்டாக ஒரு பழைய சுசுகி எஸ்ஜே410 வைத்திருந்தோம். ஜோகூர் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓட்டுவதற்காக. குவீன்ஸ்டவுன் சாலையில் அதற்கு என்ன வேலை? இங்கே பள்ளம் பார்க்க வேண்டுமென்றால் கட்டுமானத் தளத்துக்குத்தான் போகவேண்டும். வேலை முடிந்த ஓர் இரவில் நாங்களே நாலு அங்குலம் நீளமான ஷாக்கிள்களை மாட்டினோம். ஒரு முனை மட்டும் உயர்வதால் நாலுக்குப் பாதி, இரண்டு அங்குலம்தான் வண்டி ஏறும். அதற்கே எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வண்டியில் முன்பட்டையின் ஷாக்கிள் முன்னால் இருக்கும். அதை நீட்டினால் அச்சு முன்பக்கமாகச் சாயும். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் தானாக நேராவது சக்கரம் பின்சாய்ந்த கோணத்தில் நிற்பதால்தான். அந்தக் கோணம் குறைந்துவிட்டது. நெடுஞ்சாலையில் வண்டி குடித்தவன் போல நடந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டோம்.

தோட்டத்துக்குள் ஓர் இறக்கத்தில் இடப்பக்க முன்சக்கரம் பள்ளத்தில் தொங்கியது. நீட்டிய ஷாக்கிளால் அச்சு முன்பைவிடக் கீழே இறங்கியது. பிரேக் குழாயோ பழைய நீளம்தான். பிய்த்துக்கொண்டது. மிதி தரைவரை போனது. பின் பிரேக் மட்டும் அரைகுறையாகப் பிடிக்க, ஒரு செம்பனை மரம் எங்களை நிறுத்தியது. நண்பனின் மணிக்கட்டு முறிந்தது. இன்றும் மழைநாளில் அவன் கையைத் தடவுவதைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஷாக்கிளை இறுக்கியது என் கை.

அப்போது எனக்கு வேலை பழக்கியவர் ஈப்போக்காரர் ஒருவர். அவர் திட்டவில்லை. "தூக்குறதுக்கு முன்னாடி எது இடிச்சுதுன்னு பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை.

அதே கேள்வியைத்தான் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "எது இடிக்குது, மாப்ள?"

கைப்பேசியை வண்டிக்கு அடியில் நீட்டிக் காட்டினான். சட்டத்தில் கீறலே இல்லை. பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலின் அடிப்பாகம்தான் கல்பட்டு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். அச்சு உட்கார்ந்திருப்பது சக்கரத்தின்மேல். ஸ்பிரிங் இருப்பது அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உடம்பு மேலே போகும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். அதுவும் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம்தான் ஏறும். அவன் ஐந்து அங்குலம் தூக்கியிருந்தாலும் அதே கல் அதே இடத்தில் இடித்திருக்கும்.

"அப்போ பட்டறைக்காரர் சொன்னது?"

அவர் சொன்னதைச் செய்ய முடியும், மாப்ள. அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே கொண்டுபோனால் அச்சுக் குழாயின் பருமனும் பட்டை அடுக்கின் பருமனும் சேர்ந்து வண்டி ஏறும். ஆனால் அச்சில் புது இருக்கை வெல்டிங் செய்யவேண்டும், அது விட்டால் அச்சே கழன்றுவிடும். ஸ்டீயரிங் கம்பியை மாற்றாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகத் திரும்பும். ஷாஃப்டின் கோணம், பிரேக் குழாய், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாறவேண்டும். அத்தனையும் சரியாகச் செய்தாலும், பெண்களை ஏற்றிய பாரம் ஐந்து அங்குலம் மேலே போன நிலையில்தான் நீ கொண்டை ஊசியில் திரும்பவேண்டும்.

சட்டத்தையும் சொன்னேன். இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அளவிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இங்கேயும் நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வேண்டியவை, கூடவே கூடாதவை என்று பிரித்து வைத்திருக்கிறது. எஸ்ஜே410 காலத்தில் நான் அந்தப் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை. மனைவி பக்கத்தில் இருந்தாள்.

பிறகு அளக்கச் சொன்னேன். வண்டியைச் சமதரையில், ஆளில்லாமல் நிறுத்தி, அச்சிலிருந்து சட்டத்துக்கு நான்கு பக்கமும். வலது பின்பக்கம் இடதைவிட ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்தது. பட்டைகள் பாரத்தில் வளைவிழந்து கிட்டத்தட்ட நேராகிவிட்டன, புஷ்கள் நசுங்கியிருந்தன. வண்டி தன் சொந்த உயரத்தையே தொலைத்திருந்தது. அவன் கேட்ட தூக்கலில் ஒரு பகுதி அவனுடையதுதான். மீட்டால் போதும்.

பழைய அளவிலேயே நாலு புதுப் பட்டை செட்டு, புது புஷ், புது யூ போல்ட். யூ போல்ட் விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தேன். ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுவிடும் போல்ட் அது. கழற்றியதைத் திரும்பப் போட்டால் பிடி நிற்காது. பிடி தளர்ந்தால் நடு போல்ட் வெட்டும், அச்சு நகரும். ஒரு பட்டை கூடுதலாகச் செருகட்டுமா என்றான். வெறும் வண்டி உதறும், ஏறும் பெண்களின் முதுகுதான் பதில் சொல்லும் என்றேன். டயர், ஆர்சி புத்தகத்தில் உள்ள அளவிலேயே. ஆனால் மொட்டையாகிப்போனதைக் கழற்றிவிட்டு ஆழமான பட்டன் உள்ள புதியது.

கடைசியாக, எத்தனை பேரை ஏற்றுகிறாய் என்று கேட்டேன். பதில் வரவில்லை. "ரெண்டு பேரக் கொறச்சா ரெண்டு பேர் வீட்டுல கூலி இல்ல மாமா" என்றான் மெதுவாக. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பட்டைக்கான பணத்தை அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அழைத்தான். தோட்டத்துப் பாதையில் அந்தக் கல் இன்னும் இருக்கிறதாம். பெண்களே கடப்பாரை கொண்டுவந்து பாதி பெயர்த்துவிட்டார்களாம். இப்போது இரண்டு நடை அடிக்கிறான். டீசல் கூடத்தான் ஆகிறது.

"500 கிலோமீட்டர்ல யூ போல்ட்ட திரும்ப முறுக்கச் சொன்னீங்கள்ல, மாமா? நாலு நட்டு கால் சுத்து ஏறிச்சு."

"எந்தப் பக்கம்?"

"வலது பின்னாடி."

"அடுத்த வாரம் மறுபடி பாரு" என்றேன்.