மேசைமேல் ஒரு போர்க்களம்

சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் சிற்றூர்ப் பங்கு ஒன்றில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாக ஒரு கோடைகாலம் பணியாற்றினேன். திருப்பலிக்குத் தவறாமல் வரும் முதியவர் ஒருவர் ஒருநாள் மாலை என்னைத் தேநீருக்கு அழைத்தார். அவர் வீட்டுப் பின்னறையில், பச்சைத் துணி விரித்த பெரிய மேசையின்மீது, உள்ளங்கையில் அடங்கும் டாங்கிகள் அணிவகுத்து நின்றன. நண்பர்களோடு போர் விளையாட்டு ஆடுவதற்காக அவரே செய்தவை. அமைதியின் நற்செய்தியை அறிவிக்க வந்தவனுக்குப் போர்க்கருவிகளையா காட்டுவது என்று என் உள்ளம் சற்றே சுருங்கியது.

அவரோ ஒரு ஷெர்மன் டாங்கியை எடுத்து என் கையில் வைத்தார். அமெரிக்காவில் உருவாகி, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படைகளும் பயன்படுத்திய வண்டி அது. உண்மை வண்டியின் 72-இல் ஒரு பங்கு. நீளம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் உறுப்புகளை வெட்டி, அரத்தால் தேய்த்து, ஒட்டுவாராம். அடிப்பூச்சு உலர்ந்தபின் கரும்பச்சை. அதன்மேல் நீர்த்த பழுப்பு நிறத்தை ஓடவிட்டால், அது இடுக்குகளில் தங்கி நிழலாகும். வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் விளிம்புகளை வருடினால், தேய்ந்த இரும்பு வெளிப்படும். இறுதியாகச் சங்கிலிச் சக்கரங்களில் சேறு. ஒரு வண்டிக்கு ஒரு வாரம் ஆகும் என்றார். அந்தப் பொறுமையில் ஒருவகைத் தவம் இருந்தது.

இவ்விளையாட்டு புதிதன்று. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய நாட்டவர் மேசைமேல் ஆடும் போர்க்களம் ஒன்றைத் தம் மன்னருக்குச் செய்தளித்தார். அவர் மகன் 1824-இல் வகுத்த விதிகளால் அது படை அதிகாரிகளின் பயிற்சியாயிற்று. 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் முறையை 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக எழுதினார். பெரும் போர் எத்துணை மூடத்தனமானது என்பதை இச்சிறு போரே உணர்த்திவிடும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. 1903-இல் அவரே ஒரு சிறுகதையில் கற்பனை செய்திருந்த இரும்பு வண்டிகள், டாங்கிகள் என்ற பெயரில், 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் உண்மையாகவே இறங்கின.

அன்று மாலை முதியவரின் நண்பர் ஒருவர் வந்தார், ஆட்டம் தொடங்கியது. பகடை உருண்டது. ஷெர்மன் ஒன்று அடிபட்டது. முதியவர் புகைக்கு அடையாளமாக அதன்மேல் சிறிது பஞ்சை வைத்தார். பிறகு ஒரு குறிப்பேட்டைத் திறந்து '5' என்று எழுதினார். அது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"உள்ளே ஐந்து பேர், ஃபாதர். வண்டித் தலைவர், பீரங்கி சுடுபவர், குண்டேற்றுபவர், ஓட்டுநர், துணை ஓட்டுநர்."

தொடக்ககால ஷெர்மன்களில் குண்டுகள் பக்கச் சுவர்களை ஒட்டி அடுக்கப்பட்டிருந்ததால், அடிபட்டவுடன் அவை தீப்பற்றுவது வழக்கம். 1944 முதல் வந்த புதிய வண்டிகளில்தான் குண்டுகளை அடித்தளத்தில், நீர் சூழ்ந்த அடுக்குகளில் வைக்கும் ஏற்பாடு அமைந்தது. இதை விளக்கிவிட்டு, அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "என் அப்பா நார்மண்டியில் ஓட்டுநராக இருந்தார். அவர் ஒருவர்தான் வெளியே வந்தார். மேலேயிருந்து பார்த்தால் வண்டி மட்டுமே தெரிகிறது. எண்ணி எழுதாவிட்டால் நான் மறந்துவிடுவேன்."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பங்கு அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடம் கண்முன் நின்றது. குடும்பங்கள் குறைந்த இரண்டு அன்பியங்களை, அந்த வரைபடத்தில் குண்டூசிகளை இடம் மாற்றி, ஒன்றாக இணைத்திருந்தேன். மிகச் சீரான ஏற்பாடு என்று நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு தெருக்களுக்கும் இடையே நெடுஞ்சாலை ஓடுவதும், கைம்பெண்ணான ஒரு மூதாட்டியால் அதைக் கடக்க இயலாது என்பதும் வரைபடத்தில் இல்லை. அவர் அன்பியக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியபோது, ஏடுகளில் 'ஆர்வம் குறைவு' என்று எழுதியதும் இதே கைதான்.

மரத்தின்மேல் ஏறியிருந்த சக்கேயுவுக்கு எல்லாரும் தெரிந்தார்கள். ஆனால் எவரோடும் அவனுக்கு உறவில்லை. ஆண்டவர் கீழே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தார். அவனை இறங்கச் சொன்னார். அவன் வீட்டுக்கே விருந்தினராகச் சென்றார். எத்தனையோ முறை மறையுரையாற்றிய பகுதி அது. மரத்தில் இருப்பவன் நான்தான் என்று ஒருமுறையும் எனக்குத் தோன்றியதில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அந்த நெடுஞ்சாலையை நடந்தே கடந்தேன். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கடக்க, எனக்கே நெடுநேரம் பிடித்தது. திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி எழ முயன்றவாறே கேட்டார்:

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா சாமி?"

விடை சொல்ல நாவெழவில்லை. அவர் பக்கத்தில் அமர்ந்தேன். அடுத்த மாதம் முதல் அந்தத் தெருவின் அன்பியம் அந்தத் திண்ணையிலேயே கூடுகிறது.

விடைபெறும்போது முதியவர் எனக்களித்த ஷெர்மன் இப்போது என் மேசையில், பங்குக் குடும்ப ஏட்டின்மேல் இருக்கிறது. ஏட்டைத் திறக்க வேண்டுமானால் முதலில் அதைக் கையில் எடுத்தாக வேண்டும்.