தீவுகளின் வழியே – 4: ஊமல் நெருப்பு

குறிகட்டுவானில் படகேறும்போதே சோளகம் எழும்பியிருந்தது. ஒரு மணி நேரக் கடல். நெடுந்தீவில் இறங்கியபோது உதடெல்லாம் உப்பு. நாக்கு தேத்தண்ணி கேட்டது.

ஓட்டோ ஓட்டிய ஐயா எங்களை நேரே சாராப்பிட்டிக்குக் கொண்டுபோனார். தீவின் நன்னீர்க் கிணறுகளுக்குப் பெயர்போன இடம் அது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கனமான கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். அந்தத் தண்ணீரை ஒரு கானில் அளவாக அள்ளிக்கொண்டு பனங்கூடல் ஒன்றின் நிழலுக்கு வந்தோம்.

அடுப்புக்கு வேலியோரம் கிடந்த மூன்று கற்களைத் தூக்கினேன்.

“தம்பி, உந்தக் கல்லை விடுங்கோ. வெடிக்கும்.”

சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகள்தான் இந்தத் தீவின் முகம். அந்தக் கல் முழுக்கத் துளை. உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லையே பிளந்துவிடும். சூளையில் வைத்துச் சுட்டால் சுண்ணாம்பாகிறதும் இதே கல்தான். கற்களை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஐயா மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்தில் ஒடுங்கிய குழி வெட்டினார். அதன் ஒரு வாய் காற்றுவரும் பக்கம். கேத்தல் குழியின் இரு கரையிலும் பொருந்தி உட்கார்ந்தது. தீயைக் காற்றுக் கலைக்கவில்லை; அடியால் ஊதிக்கொடுத்தது.

விறகு முழுவதும் பனை தந்தது. முதலில் பன்னாடை: வலைபோன்ற அந்த நார் ஒரே தீக்குச்சியில் பற்றியது. அதன்மேல் காவோலை, பிறகு முறித்த மட்டை. ஓலை எரிந்த அழகில் நான் மயங்கி இன்னும் திணிக்கப் போனேன். ஐயா கையைப் பிடித்தார். கிழங்கு கிண்டிய பிறகு மிஞ்சும் பனங்கொட்டைக் கோது, ஊமல், அதைத்தான் அவர் கடைசியாகப் போட்டார். சுவாலை தாழ்ந்தது, புகை அடங்கியது, குழி முழுக்கச் செந்தணல். சுவாலைதான் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். கேத்தலைக் கரியாக்கியது சுவாலை. கொதிக்க வைத்தது தணல்.

குமிழி கண்டவுடன் இறக்க அவர் விடவில்லை. தளதளவென்று புரளவேண்டும். அப்போதுதான் கிருமி சாகும். உப்பு மட்டும் கொதித்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். நல்ல கிணறு தேடிப் போனதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேத்தலின் உட்புறம் பழைய சுண்ணாம்புப் படிவால் வெளுத்திருந்தது. இந்த மண்ணின் கல் தண்ணீரிலும் இருக்கிறது.

பேணிகளில் ஊற்றி, பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தோம். அதைவிட ருசியான தேத்தண்ணி எனக்கு நினைவில்லை.

நெருப்பை மண்ணால் மூடப் பார்த்தேன். கூடாது என்றார்: மண்ணுக்குள் தணல் நெடுநேரம் உயிரோடு கிடக்கும், வெறுங்காலோடு வரும் பிள்ளை மிதிக்கும். காய்ந்த புல்வெளியில் காற்றும் சும்மா இராது. பக்கத்து உவர்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே எழும்பினார்.

கானில் மிஞ்சிய நன்னீரை வேலியோரத்துக் குழிந்த கல்லொன்றில் ஊற்றினார். தூரத்தில் மேய்ந்த மட்டக்குதிரைகள் இரண்டு தலையை நிமிர்த்தின.